சங்கா, ஸ்பூனா, பாட்டிலா: குறைமாதக் குழந்தைக்கு எதில் பால் கொடுப்பது?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில், எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சங்கு. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் பாலாடை என்று எழுதியிருந்தது. அங்கே ராத்திரி டியூட்டியில் இருந்த பாலக்காட்டு சிஸ்டர் கோகர்ணம் என்றார். மூன்றும் ஒன்றுதான். உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கிண்ணம், ஒரு பக்கம் மட்டும் மூக்கு நீண்டிருக்கும். பாலாடை வேண்டும் என்றதும் என் அம்மா, காய்ச்சின பாலின் மேல் படியுமே, அந்த ஆடையைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, "பச்சக் குழந்தைக்கா?" என்று திகைத்துப் போனார்.

என் தங்கைக்கு 31-வது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பையன் 1.4 கிலோ. அவளுக்குத் துணையாக நானும் ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். முதல் இரண்டு வாரம் பால் எல்லாம் குழாய் வழியாகத்தான். 33-வது வாரம் ஆரம்பித்தபோது டாக்டர், "இனி மெதுவாக வாய் வழியாகப் பழக்கலாம்" என்றார். அந்தச் சந்தோஷம் அரை நாள்கூட நிற்கவில்லை. எதில் கொடுப்பது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மாயி (அம்மாவின் அம்மா) சங்கு என்றார். தங்கையின் மாமியார் பாட்டில் வாங்கி அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை, குழாயை எடுக்கவே வேண்டாம், அதில்தான் எடை ஏறுகிறது என்றார். தங்கை ஒன்றும் சொல்லவில்லை. நேராக மார்பில் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவள் மனதில் இருந்தது.

அந்த வாரம் நாங்கள் கேட்டதையும் கற்றதையும் வைத்து இதை எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் தங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகலாம்.

முதலில் ஒரு விஷயம். குழந்தைக்குப் பால் குடிப்பது பார்க்கும்போது தோன்றுகிற மாதிரி ஒரே வேலை இல்லை. உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், இடையில் மூச்சு விட வேண்டும். விழுங்கும் நேரத்தில் மூச்சுக்குழல் மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். இந்த மூன்றும் தாளம் தப்பாமல் சேர்வது பெரும்பாலும் 32-லிருந்து 34 வாரத்துக்குள்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் குழந்தை விரலைச் சப்பும், உதட்டைச் சுழிக்கும். அதைப் பார்த்து "பசிக்குது, ஊத்துங்க" என்று சொல்லிவிடக் கூடாது. சப்பத் தெரிவது வேறு, சப்பிக்கொண்டே மூச்சு விடத் தெரிவது வேறு.

இந்தக் கணக்கில் பிறந்த தேதியை மட்டும் பார்த்தால் போதாது. 31 வாரத்தில் பிறந்து 14 நாள் ஆன குழந்தைக்கு வயது 33 வாரம் என்றுதான் எண்ண வேண்டும். எதிர்வீட்டுக் குழந்தை பதினாலாம் நாளில் எப்படிக் குடித்தது என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. வாரமும் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. மூச்சுக்குச் சிரமப்பட்ட குழந்தைகளுக்கு இன்னும் நாளாகும்.

குழாயைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு தவறான எண்ணங்கள் இருந்தன. அம்மாயிக்கு அது சித்திரவதை. மாப்பிள்ளைக்கு அதுவே பாதுகாப்பு. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ இரைப்பை வரை போகிற அந்த மெல்லிய குழாய், விழுங்கத் தெரியாத வாரங்களில் உயிரைக் காப்பாற்றுகிறது. சிரிஞ்சில் பாலை விட்டு உயர்த்திப் பிடிப்பார்கள், பால் தன் எடையிலேயே இறங்கும். அழுத்தி உள்ளே தள்ளக் கூடாது. ஆனால் குழாயிலேயே விட்டுவிட்டால் குழந்தைக்கு வாய் பழகாது. அதனால் குழாயில் பால் இறங்கும் அதே நேரத்தில், முழுக்கப் பீய்ச்சிவிட்ட மார்பைச் சப்ப விடச் சொன்னார்கள். பால் வராது, ஆகவே புரையேறும் பயம் குறைவு. சப்புவதும் வயிறு நிறைவதும் ஒன்றாக நடக்கும்போது குழந்தை இரண்டையும் சேர்த்துப் பழகிக்கொள்ளும். இப்படிப் பழக்கினால் குழாயிலிருந்து வாய்க்கு மாறுவது சீக்கிரம் நடக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

குழாயை ஒரே நாளில் எடுத்துவிட வேண்டியதும் இல்லை. வாய் வழியாகப் பழக்கிய முதல் வாரம் எங்கள் பையன் 5 மி.லி. குடிப்பான், மீதி 15 குழாயில் போகும். அந்த 20 எப்படி வந்தது என்றால்: கிலோவுக்கு ஒரு நாளைக்கு 160 மி.லி. என்று டாக்டர் எழுதியிருந்தார். அப்போது எடை 1.5 கிலோ. ஆக மொத்தம் 240. 2 மணி நேரத்துக்கு ஒரு முறை, அதாவது 12 தடவை கொடுத்தால், ஒவ்வொன்றும் 20. உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் அவர் எழுதியது புரியும், அவ்வளவுதான்.

இப்போது சங்கு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இது இருக்கிறது, எல்லாரும் தெரியும் என்றே நினைக்கிறோம்.

அம்மாயி எங்களையெல்லாம் வளர்த்தது சங்கில்தான். இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் மல்லாக்கக் கிடத்தி, சங்கின் மூக்கை வாய்க்குள் விட்டு ஊற்றுவார். உரை மருந்தும் அப்படித்தான், பாலும் அப்படித்தான். "சங்குல ஊத்துனா ஒரு மடக்குல இறங்கிப்போயிரும் கண்ணு" என்பார். ஒன்பது மாதமும் நிறைந்து பிறந்த குழந்தை அதைச் சமாளித்திருக்கலாம். அப்போதும் எத்தனை குழந்தைகளுக்குப் புரையேறியிருக்கும் என்பது வெளியில் தெரிய வராத கணக்கு. குறைமாதக் குழந்தையை அப்படிப் படுக்க வைத்து ஊற்றினால், அது விழுங்குவதற்குள் அடுத்த வாய் வந்து நிற்கும். மூச்சு விட இடமே இருக்காது. இருமக்கூடச் சத்து இல்லாமல் சத்தமின்றி நீலம் பாரித்துப் போகும்.

அந்த ராத்திரி சிஸ்டர் அதே சங்கை வேறு மாதிரிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். குழந்தை முழித்திருக்க வேண்டும். துணியில் சுற்றி, மடியில் ஏறக்குறைய நிமிர்த்தி உட்கார வைத்து, கழுத்துக்கும் தலைக்கும் ஒரு கையைக் கொடுக்க வேண்டும். சங்கை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. மூக்கை வாயின் ஓரத்தில், கீழ் உதட்டின் மேல் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். நாக்கு வெளியே வந்து பாலை எடுக்கும், தொண்டை அசையும், ஒரு மூச்சு விடும். அதற்குப் பிறகுதான் அடுத்த சொட்டு.

முதல் நாள் தங்கையின் கை அவசரப்பட்டது. பதினைந்து நிமிடத்தில் பாதிகூடப் போகவில்லையே என்ற பதற்றத்தில் கொஞ்சம் அதிகமாகச் சாய்த்துவிட்டாள். சிஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "மோளே, ஒழிக்கண்ட. குஞ்ஞு குடிச்சோளும்" என்றார். ஊற்றாதே, குழந்தை தானே குடித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் மலையாளமும் தமிழும் கலந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் எனக்குப் புதிதாகக் கேட்டது. சங்கு, ஸ்பூன், பாட்டில் என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தோமே, எதை எடுத்தாலும் கேள்வி இதுதான்: குழந்தை குடிக்கிறதா, நாம் ஊற்றுகிறோமா?

சங்கைப் பற்றி ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 1999-இல் இந்தியக் குழந்தைகளிடம் சங்கு, கிண்ணம், பாட்டில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சங்கில்தான் குறைந்த நேரத்தில் அதிகப் பால் போனது, குழந்தைகளும் அமைதியாக இருந்தன. 2007-இல் இங்கிலாந்தில் வந்த ஆய்வில் இதற்கு நேர்மாறு: சங்கில் பால் அதிகம் சிந்தியது, நேரம் கூடியது, குழந்தைகள் சிரமப்படும் அறிகுறிகளும் அதிகம். எனக்குத் தோன்றுவது, பிடிக்கும் கையின் பழக்கத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதனால் சங்கு நல்லது என்று கேள்விப்பட்டதும் கடையில் வாங்கி வீட்டில் நீங்களே ஆரம்பித்துவிடாதீர்கள். வார்டில், சிஸ்டர் பக்கத்தில் இருக்கும்போது, நாலைந்து தடவையாவது உங்கள் கையால் கொடுத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டுச் சங்கு வெள்ளியில் செய்தது, அம்மாயிக்கு அவர் அம்மா கொடுத்தது. உள்மடிப்பில் தேய்க்க முடியாத கறுப்பு படிந்திருந்ததால் அதை எடுக்கவில்லை. வழவழப்பான ஸ்டீல் சங்கு புதிதாக வாங்கினோம். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரில் முழுகக் கொதிக்கவைத்து எடுப்போம். திறந்த பாத்திரம் என்பதால் கழுவுவது சுலபம். பாட்டிலைவிட இதற்கு உள்ள பெரிய லாபம் இது.

ஸ்பூன் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லா வீட்டிலும் இருக்கும், அளவு சின்னது, ஒரேயடியாக நிறையப் போய்விடாது. நேரம்தான் அதிகமாகும். 5 மி.லி. கொடுக்கிற ஆரம்ப நாட்களுக்குச் சரி. 25, 30 ஆகும்போது குழந்தையும் களைத்துவிடும், கொடுப்பவரும் களைத்துவிடுவார். விளிம்பு கூர்மையில்லாததாகப் பார்த்து எடுங்கள்.

சின்னக் கிண்ணம் கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு நன்றாக வரும். பூனைக்குட்டி மாதிரி நாக்கால் நக்கிக் குடிக்கும். சிந்துவது அதிகம் என்பதால் கிண்ணத்தில் குறைந்ததெல்லாம் வயிற்றுக்குள் போனதாக எண்ண முடியாது. கழுத்துத் துணி எவ்வளவு நனைந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தாய்ப்பாலை நேராகக் குடிக்க முடியாத எடை குறைந்த குழந்தைகளுக்குக் கிண்ணம், சங்கு, ஸ்பூன் இவற்றில் ஒன்றில் கொடுக்கச் சொல்லி 2011-இலேயே உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது.

பாட்டிலுக்கு வருவோம். மாமியார் அனுப்பியதைத் திருப்பிக் கொடுப்பது தங்கைக்கு லேசான காரியமாக இல்லை. அவர் அன்பில்தான் அனுப்பினார். பாட்டிலை விஷம் என்று சொல்ல மாட்டேன். உலகத்தில் பல நாடுகளில் குறைமாதக் குழந்தைகள் பாட்டிலில் குடித்துத்தான் வீட்டுக்குப் போகின்றன. அங்கே பயன்படுத்துவது மெதுவாகச் சொட்டும் நிப்பிள். குழந்தையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, இரண்டு மூன்று உறிஞ்சலுக்கு ஒரு முறை பாட்டிலைத் தாழ்த்தி மூச்சு விடச் சொல்லிக் கொடுப்பார்கள். நம் கடைகளில் கிடைக்கும் நிப்பிளில் ஒன்று சொட்டும், இன்னொன்று ஊற்றும். அட்டையில் எழுதியிருப்பதை நம்ப முடியாது. குழந்தை உறிஞ்சாவிட்டாலும் பால் வந்துகொண்டே இருந்தால் அது வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை. இதோடு மூடி, நிப்பிள், திருகு என்று ஒவ்வொன்றையும் பிரித்துக் கொதிக்கவைக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்ச் சூட்டில், மாசி பங்குனி மாதத்தில், கழுவாத நிப்பிளில் பால் எவ்வளவு சீக்கிரம் கெட்டுப் போகும் என்று நமக்குத் தெரியாததில்லை.

கிண்ணத்தையும் பாட்டிலையும் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், கிண்ணத்தில் குடித்த குழந்தைகள் வீட்டுக்குப் போகும்போது முழுக்கத் தாய்ப்பாலில் இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆஸ்பத்திரியில் சில நாள் கூடுதலாகத் தங்க நேரலாம் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. நாள் வாடகை கட்டுகிறவர்களுக்கு அது சின்ன விலை இல்லை, தெரியும். 2011-லிருந்து அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளங் குழந்தைக்குச் சிகிச்சை இலவசம் என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்துகிறேன். பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆஸ்பத்திரியிலேயே யாராவது ஒரு குறிப்பிட்ட டப்பாவைக் கையில் கொடுத்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நேராக மார்பில் கொடுப்பதை எல்லாரும் கடைசிப் படி என்று நினைக்கிறார்கள். பாட்டிலில் குடிக்கத் தெரிந்த பிறகுதான் மார்பு என்று எங்களிடமும் சிலர் சொன்னார்கள். அது சரியில்லை. மார்பில் பால் வரும் வேகத்தைக் குழந்தைதான் முடிவு செய்கிறது. உறிஞ்சினால் வரும், நிறுத்தினால் நிற்கும். அதனாலேயே பாட்டிலில் குடிக்கும்போது இறங்குகிற ஆக்ஸிஜன் அளவு மார்பில் குடிக்கும்போது அவ்வளவு இறங்குவதில்லை என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு கவனம்: மார்பு கனத்து, பால் பீறிட்டு வருகிற அம்மாக்கள் முதலில் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் கொடுக்க வேண்டும். தங்கை முதல் தடவை கொடுத்தபோது அந்த முதல் வேகத்தில்தான் பையன் திணறினான்.

மார்பில் கொடுத்தால் எவ்வளவு குடித்தான் என்று தெரியாதே என்பது மாப்பிள்ளையின் கவலை. நியாயமான கவலை. வார்டில் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தார்கள். பிறகு தினசரி எடையே போதும் என்றார்கள். கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம் கூடினால் நன்றாகக் குடிக்கிறான் என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் துணையாக இருந்தது கங்காரு முறை. 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது அது. குழந்தையை அம்மாவின் வெறும் மார்பில் நிமிர்த்திக் கட்டிக்கொள்வது. எங்கள் பையன் பசித்ததும் தானே முகத்தைத் திருப்பித் தேட ஆரம்பித்தது அந்தக் கட்டுக்குள் இருக்கும்போதுதான். மாப்பிள்ளையும் சட்டையைக் கழற்றிவிட்டு மத்தியானத்தில் வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் தங்கை தூங்கினாள்.

பாத்திரத்தைப் பற்றியே பேசி, அதில் இருக்கும் பாலை மறந்துவிடக் கூடாது. முதலில் அம்மாவின் சொந்தப் பால், சீம்பால் உட்பட ஒரு சொட்டும் வீணாகாமல். அது போதாவிட்டால் தாய்ப்பால் வங்கிப் பால். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்த வங்கி இருக்கிறது. கேரளத்தில் முதல் வங்கி 2021-இல் எறணாகுளம் பொது மருத்துவமனையில் தொடங்கியது. தானமாக வந்த பாலைப் பரிசோதித்து, 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கித்தான் தருவார்கள். அதுவும் இல்லாவிட்டால்தான் டாக்டர் எழுதித் தரும் பவுடர். கழுதைப்பால் கொண்டுவருகிறவர் எங்கள் தெருவுக்கும் வருவார். தேனில் வயம்பும் (வசம்பு) பொன்னும் உரைத்துக் கொடுப்பது பாலக்காட்டு வழக்கம். தண்ணீர் கலந்த பசும்பால், கிரைப் வாட்டர் என்று இன்னும் சில. குறைமாதக் குழந்தைக்கு இவை எதுவுமே வேண்டாம். தேன் ஒரு வயது வரை எந்தக் குழந்தைக்கும் கூடாது.

எதில் கொடுத்தாலும் உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள் இவை. உதட்டைச் சுற்றி நீலம் அல்லது வெளிறல். மூக்கு விடைத்து மூச்சு வாங்குவது. தொண்டையில் களகளவென்ற ஈரச் சத்தம். விரல்களை விரித்துக் கையை நீட்டித் தள்ளுவது. கடைவாயில் பால் வழிவது. கண் செருகித் தூங்கிப் போவது. நிறுத்தி, நிமிர்த்தி, முன்பக்கம் லேசாகச் சாய்த்து மூச்சு சீராகும் வரை பொறுக்க வேண்டும். தூங்கிவிட்ட குழந்தையின் வாயில் "இன்னும் 5 மி.லி.தானே" என்று ஊற்றக் கூடாது. ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் இழுப்பதும் வேண்டாம், குடிக்கிற சிரமத்திலேயே சத்து கரைந்துவிடும். பச்சையாக வாந்தி, வயிறு உப்பிப் பளபளப்பது, மலத்தில் ரத்தம், மூச்சு நின்று நின்று வருவது, எழுப்பியும் முழிக்காமல் துவண்டு கிடப்பது என்று எது வந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நாங்கள் கடைசியில் செய்தது இதுதான். 33-வது வாரம் பெரும்பகுதி குழாய், பகலில் மூன்று தடவை சங்கு, ஒரு தடவை பீய்ச்சிய மார்பு. 34-இல் சங்கு கூடிக் குழாய் குறைந்தது, மார்பில் கொஞ்சம் பால் இருக்கும்போதே விட்டோம். ஒரு நாள் இரண்டு தடவை மூச்சு தடுமாறியதால் மறுநாள் முழுக்கக் குழாய்க்கே திரும்பினோம். தங்கை அழுதாள். அடுத்த நாள் அவனே முழித்துக்கொண்டு தேடினான். 35-இல் குழாயை எடுத்தார்கள். 36-இல் 1.9 கிலோவோடு வேலந்தாவளம் வழியாக வீட்டுக்கு வந்தோம், பகலெல்லாம் மார்பு, ராத்திரி இரண்டு தடவை மட்டும் சங்கு என்ற ஏற்பாட்டோடு. பாட்டில் பெட்டியைப் பிரிக்கவில்லை. மாமியாரிடம் தங்கை நேரிலேயே சொன்னாள், டாக்டர் வேண்டாம் என்றார் என்று ஒளியாமல், நான்தான் வேண்டாம் என்று முடிவு செய்தேன் என்று.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு ஒன்று. பிரசவம் தமிழ்நாட்டில் ஆனதால் வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளரான எங்கள் ஊர் ஆஷாவுக்குக் குழந்தை வந்த விவரமே தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டின் நகலை எடுத்துக்கொண்டு நாங்கள்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சொன்னோம். இரண்டாம் நாளே தராசோடு வந்தார். வாரம் கழித்து மறுபடி வந்தபோது 2 கிலோ 120 இருந்தான்.

ராத்திரி இரண்டு மணிச் சங்கை அம்மாயிதான் கொடுக்கிறார். சுவரில் சாய்ந்து, கொள்ளுப்பேரனின் கழுத்துக்குக் கை கொடுத்து நிமிர்த்தி, மூக்கை உதட்டோரத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். 35 மி.லி. போக இருபது நிமிடம் ஆகிறது.